கைப்பிடி இரண்டு உள்ள பானை

தானியத்தைப் பானையில் கொட்டுவதற்கு முன்னால் கிளெனிஸ் அதில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். முன்பல்லால் கடித்து, நாக்கால் புரட்டி, உமியை மட்டும் இடது பக்கம் துப்புவாள். இடது பக்கத்தில் கோழிகள் நிற்கும். பழகிப்போன கோழிகள், வலது பக்கம் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. மால்ட், அதாவது முளைகட்டி வறுத்த பார்லி, நன்றாக இருந்தால் எதுவும் சொல்ல மாட்டாள். இல்லையென்றால், "இத வறுத்தவன் அன்னிக்கு வீட்ல சண்ட போட்டுட்டு வேலைக்கு வந்திருக்கான்" என்பாள்.

அவள் கார் ஷெட்டில் கார் நின்று நான் பார்த்ததில்லை. கார் தெருவில் நனையும், பானை கூரைக்குக் கீழே இருக்கும். எங்கள் பக்கத்துக் குளிர்காலமான ஜூனில் டெர்வென்ட் ஆற்றுப் பனிமூட்டம் எங்கள் தெருவரைக்கும் ஏறி வந்திருக்கும்போது, ரப்பர் பூட்ஸும் இரவு உடையும் அதன்மேல் ஆண்பிள்ளைக் கம்பளிச் சட்டையுமாக நிற்பாள். எல்லாவற்றுக்கும் மேலே பழைய ஜன்னல் திரையில் தைத்த ஏப்ரன். இந்தக் கோலத்திலேயே பால் வாங்கவும் போவாள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பள்ளிக்கூட கான்டீனில் அவள் சுட்ட இறைச்சி 'பை' தின்று வளர்ந்தவர்கள்தான் எங்கள் ஊர் நியூ நார்ஃபோக்கில் பாதிப் பேர். சீருடையில் நிற்கிற போலீஸ்காரரையே நிறுத்தி, "கண்ணா, மூக்கத் தொடச்சுக்க" என்று சொல்கிற உரிமை அவளுக்கு உண்டு.

அந்தப் பானையைப் பற்றிச் சொல்ல வேண்டும். குக்கருக்கும் வாஷிங் மெஷினுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். இடுப்பளவு எவர்சில்வர், அடியில் மின்சாரச் சூட்டுத் தட்டு, வயிற்றுப் பக்கம் சின்ன பம்ப், முகப்பில் எண்கள் ஒளிர்கிற கட்டம். உள்ளே அடிப்பாகம் சல்லடையாக உள்ள ஒரு கூடை. கூடையில் மால்ட்டைக் கொட்டி வெந்நீரில் ஊற வைத்தால், பம்ப் அடியிலிருந்து சாற்றை உறிஞ்சி மேலே ஊற்றிக்கொண்டே இருக்கும். ஊறி முடிந்ததும் கூடையைத் தூக்கி, லேசாகத் திருப்பி, பானையின் விளிம்பிலேயே உட்கார வைத்து வடிய விட வேண்டும். பிறகு அதே பானையில் சாற்றைக் கொதிக்க விட்டு பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற ஹாப்ஸ் பூவைப் போட வேண்டியதுதான். ஊறப்போடவும் வடிக்கவும் காய்ச்சவும் ஒரே பானை.

சாதாரண பீருக்கு இது தாராளம். கிளெனிஸ் சாதாரண பீர் காய்ச்சுவதில்லை. அவள் காய்ச்சுவதற்குப் பெயர் 'கனம்'. ஒரு கோப்பை குடித்தால் எதிரி மேலும் பாசம் வரும், இரண்டாவது கோப்பையில் எதிரி யாரென்றே மறந்துவிடும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கனத்துக்கு இரண்டு மடங்கு தானியம் வேண்டும், கூடையோ அத்தனையைத் தாங்காது. அதனால் முதல் கூடையை ஊற வைத்து எடுத்துவிட்டு, அதே சாற்றில் புதுத் தானியத்தோடு இரண்டாவது தடவை ஊற வைப்பாள். சாறு பாகு போலக் கெட்டிப்படும். கீழே இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பம்ப் திணறும், அசந்தால் அடிபிடித்துவிடும். அதனால் கிளெனிஸ் நிமிடத்துக்கொரு தரம் குனிந்து பானை வயிற்றில் காதை வைத்துக் கேட்பாள். "இருமுது" என்று சொல்லிவிட்டு, பாதியாக உடைந்த படகுத் துடுப்பால் மேலே மெதுவாகக் கிளறிவிடுவாள்.

சாறு வடிந்த தானியத்தில் கொஞ்சம் இனிப்பு மிச்சம் இருக்கும். அதன்மேல் இன்னொரு தரம் வெந்நீரை ஊற்றிப் பிடித்தால் இளசாக ஒரு பீர் காய்ச்சலாம். அதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'பக்கத்து வீடு'. பக்கத்து வீடு நான்தான். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு மரவேலி, அதில் ஆணி கழன்ற பலகை ஒன்று. அந்தப் பலகையை ஒதுக்கிக்கொண்டுதான் பீர் வரும், அவளும் வருவாள். நல்லது அவளுக்கு, கழுவி ஊற்றியது எனக்கு. நாங்கள் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அந்தக் காலத்திலும் இப்படித்தான், சாக்லேட் அவளுடையது, காகிதம் என்னுடையது.

கனத்தை இப்போது கேட்டால் இப்போது கொடுக்க மாட்டாள். புட்டியில் அடைத்து வருடக்கணக்கில் இருட்டில் வைப்பாள். அவசரப்பட்டுத் திறந்தால் தொண்டையைச் சுடும். பொறுத்தால் உலர்ந்த திராட்சையும் பழைய மரமும் சேர்ந்த ஒரு ருசிக்கு வந்து சேரும். அதனால்தான் அந்த வழக்கம் உண்டானது. அது கிளெனிஸுடையது இல்லை, நெவிலின் குடும்பத்து வழக்கம். வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால் பல் முளைப்பதற்கு முன்னால் ஒரு கனம் காய்ச்ச வேண்டும். கொதிக்கிற நேரத்தில் குழந்தையை எடுத்து வந்து, கைக்குள் ஒரு ஹாப்ஸ் பூவை வைத்து, அந்தப் பூவைப் பானையில் போட வேண்டும். அந்தக் குழந்தையின் இருபத்தோராவது பிறந்தநாளில்தான் புட்டியைத் திறக்க வேண்டும்.

நெவில் என்கிற நெவ், கிளெனிஸின் முன்னாள் கணவன். அவர்கள் மகள் மெல் பிறந்தபோது இந்த மின்சாரப் பானை எல்லாம் ஏது? துணி வெளுக்கிற செம்பு அண்டாவில், விறகு மூட்டி, இரண்டு பேரும் பகலெல்லாம் நின்று காய்ச்சினார்கள். நானும் இருந்தேன், விறகு எடுத்துக் கொடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். மெல்லின் கையில் வைத்த பூ பானையில் விழாமல் நேராக அவள் வாய்க்குப் போனது. அந்தக் கசப்புக்கு அவள் அழுத அழுகையில் எதிர்வீட்டு நாய் ஊளையிட்டது. இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். அப்படி அவர்கள் சிரித்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அந்த விறகுப் புகை மூக்கில் வருகிறது.

மெல் நாலாம் வகுப்பு படிக்கும்போது நெவ் ஹோபார்ட்டில் வேறொரு பெண்ணோடு குடிபோனான். அது இரண்டு கோடைக்குமேல் தாங்கவில்லை. திரும்பி வந்தான். கிளெனிஸ் கதவைத் திறக்கவில்லை, அவன் தட்டவும் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு பிடித்துக்கொண்டான். ஆனால் அடுத்த ஜூன் மாதம், வருடா வருடம் அவர்கள் கனம் காய்ச்சுகிற, திங்களும் விடுமுறையான நீண்ட வார இறுதியில், வழக்கம்போல, சாற்றைப் புளிக்க வைக்கிற ஈஸ்ட் ஜாடியோடு அவள் வாசலில் வந்து நின்றான். அவளும் வழக்கம்போல அண்டாவைக் கழுவி வைத்திருந்தாள். ஊர் வாயைப் பிளந்தது. நான் கேட்டதற்கு, "கல்யாணத்துக்கு அவன் வேணாம், கனத்துக்கு வேணும்" என்று கிளெனிஸ் முடித்துவிட்டாள்.

வேணும் என்றது பொய்யில்லை. ஈஸ்ட் நெவ்விடம்தான் உயிரோடு இருந்தது. மெல்லின் பீரில் போட்ட அதே ஈஸ்ட். கனத்தில் வேலை செய்த ஈஸ்ட் களைத்துப்போகும், அதை மறுபடி பயன்படுத்தக்கூடாது. அதனால் என் இளம் பீரின் அடியில் தங்குகிற வண்டலை நெவ் ஜாடியில் எடுத்துப்போவான். தன் வீட்டில் அவ்வப்போது சின்னதாக ஏதாவது காய்ச்சி, அதற்குத் தீனி கொடுத்து வளர்ப்பான். அந்த வம்சம் அறுந்துபோகாமல் இருந்ததற்கு நானும் என் கழுவி ஊற்றிய பீரும் ஒரு காரணம் என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

நெவ் வேணும் என்பதற்கு இன்னொரு காரணம் கைப்பிடி. எவர்சில்வர் பானை வந்தபோது நெவ் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "டீ கெட்டில்" என்றான். ஆனால் கூடையின் இரண்டு பக்கமும் இருந்த கைப்பிடிகளைப் பார்த்ததும் சமாதானமாகிவிட்டான். ஈரத் தானியத்தோடு அந்தக் கூடை ஓர் ஆட்டுக்கிடா கனம் கனக்கும். ஆளுக்கொரு பக்கம் பிடிப்பார்கள். கிளெனிஸ் "ஒண்ணு" என்பாள். நெவ் "ரெண்டு" என்பான். ரெண்டில் தூக்கிவிடுவார்கள். மூன்று கிடையாது. மூன்று வரைக்கும் எண்ணுகிறவன் தூக்க மாட்டான், பேசிக்கொண்டுதான் இருப்பான் என்பது நெவ்வின் கட்சி.

மெல்லின் இருபத்தோராவது பிறந்தநாள் பந்துருட்டு விளையாட்டு கிளப் மண்டபத்தில் நடந்தது. காய்ச்சியவர்கள்தான் முதல் கோப்பையை ஊற்ற வேண்டும் என்பதால், மண்டபத்தின் இரண்டு கோடிகளில் நின்றிருந்த கிளெனிஸும் நெவ்வும் நடுவுக்கு வந்தார்கள். நெவ் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். "அந்த வருஷம் நாம நல்லாத்தான் இருந்தோம், க்ளென்" என்றான். "பீர் நல்லா இருந்துச்சு" என்றாள் அவள். ஆனால் கோப்பையை உடனே கீழே வைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இவ்வளவும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது ஒரு பிறந்தநாள் பரிசு.

பீரில் சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று பார்க்கக் கிளெனிஸ் ஒரு கண்ணாடி மிதவை வைத்திருந்தாள். கண்ணாடி என்றால் உடையும், அதுவும் மேசையிலிருந்து உருண்டு உடைந்தது. அம்மாவின் பிறந்தநாளுக்கு மெல் அதற்குப் பதிலாக ஒரு சின்னக் குழலை வாங்கி அனுப்பினாள். முனையில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக்கண்ணால் பார்த்தால் சர்க்கரை அளவைக் கோடாகக் காட்டும். கிளெனிஸுக்கு அது பிடித்துப்போய்விட்டது. கப்பல் மாலுமி மாதிரி வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். தேனைப் பார்த்தாள், தக்காளிச் சாற்றைப் பார்த்தாள். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், நுரைத்து அடங்கிய கனத்தையும் பார்த்தாள். கோடு பாதி வழியிலேயே நின்றுகொண்டிருந்தது. அப்படியென்றால் ஈஸ்ட் பாதிச் சர்க்கரையை மட்டும் தின்றுவிட்டுப் படுத்துவிட்டது என்று அர்த்தம். மறுநாளும் அதே கோடு, அதற்கு மறுநாளும் அதே.

அவள் நெவ்வுக்குப் போன் செய்தபோது நான் வேலிக்கு இந்தப் பக்கம் முட்டைக்கோசுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "உன் ஈஸ்ட் பாதியில படுத்துக்கிச்சு, நெவ். உன்ன மாதிரியேதான். பாதியில விட்டுட்டுப் போயிடுச்சு" என்றாள்.

விவாகரத்து நடந்தபோதுகூட அவள் அவனை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சட்டியில் கிடந்தது அன்றைக்கு அகப்பையில் வந்துவிட்டது. மறுநாள் நெவ் வந்தான். அவளுடைய துணி துவைக்கும் அறையில் வைத்திருந்த தன் ஜாடிகளையும் பூட்ஸையும் எடுத்துக்கொண்டான். கோழிகளிடம் மட்டும் போய்வருகிறேன் என்றான்.

அந்த வசந்தத்தில் பீர் காய்ச்சுகிறவர்கள் சங்கத்தில் புது உறுப்பினர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. தேநீரும் ஸ்கோன் ரொட்டியும் உண்டு என்பதால் நானும் கிளெனிஸும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தோம். பேசிய பெண் அதே மாதிரி ஒரு குழலைத் தூக்கிக் காட்டி, காய்ச்சுகிற அன்றைக்கு மட்டும் இதை நம்புங்கள், பீராக மாறியபின் நம்பாதீர்கள், உள்ளே சாராயம் உண்டாகிவிட்டால் கோடு உயரத்தில் நின்று பொய் சொல்லும், அப்போது பழைய கண்ணாடி மிதவைதான் சரி என்றாள். புதியவர்கள் தலையாட்டினார்கள். கிளெனிஸ் ஸ்கோனை மெல்வதை நிறுத்திவிட்டாள். திரும்பும்போது காரில் பாலம் தாண்டினோம். பிறகு, "பக்கத்து வீடு, நீ ஒண்ணும் கேக்கல" என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

அடுத்த நாளே புது மிதவை வாங்கினாள். வெளியே கொட்டவும் மனமில்லாமல் புட்டியில் அடைக்கவும் மனமில்லாமல் போட்டு வைத்திருந்த அந்தக் கனத்தில் மிதக்க விட்டாள். மிதவை அடிவரைக்கும் இறங்கிற்று. ஈஸ்ட் ஒரு துளி வேலை பாக்கி வைக்கவில்லை. அன்றைக்கே புட்டிகளில் அடைத்தாள். நான் வேலிப் பலகையை ஒதுக்கிக்கொண்டு போய், இப்போதாவது அவனுக்கு ஒரு போன் போடு என்றேன். அவளோ தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி. முயலுக்கு நாலு கால் என்று தெரிந்தபிறகும் எண்ணிப் பார்க்க மறுக்கிற ஜாதி. "அவன் ஜாடிய எடுத்துட்டுப் போனான்ல" என்றாள். போன குளிர்காலத்தில் கார் ஷெட்டில் ஆவியும் இல்லை, நுரையும் இல்லை. எனக்குப் பீரும் இல்லை.

இந்த வருடம் ஏப்ரலில் மெல்லுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் ஐவி.

அன்றிலிருந்து கிளெனிஸுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வேலியோரம் நின்று எண்ணிப் பார்த்தாள். ஐவிக்கு இருபத்தொன்று ஆகும்போது கிளெனிஸுக்குத் தொண்ணூறு தாண்டியிருக்கும். "அதத் திறக்கறப்ப நான் இருக்க மாட்டேன்" என்றாள், பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில். "கையில கோப்பைய வெச்சிட்டு நிப்பா. இது யாரு காய்ச்சினதுன்னு கேப்பா. அப்ப அந்த ருசிதான் நான். அடிபிடிச்ச வாசன அடிச்சா அதுவும் நான்தான்." சொல்லிவிட்டு ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் நெவ்வைக் கூப்பிட மாட்டாளாம். கடையில் ஈஸ்ட் பொட்டலம் வாங்கினாள். சங்கத்து ஆள் ஒருவரைப் பிடித்து ஷெட்டின் உத்தரத்தில் கப்பி மாட்டி, சங்கிலியும் கொக்கியும் தொங்க விட்டாள். இனி கூடையைத் தூக்க இன்னொரு ஆள் தேவையில்லை என்று எனக்கே இழுத்துக் காட்டினாள். மே மாதத்தில் ஒரு வெள்ளோட்டமும் பார்த்தாள். கூடை உயர்ந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பாதித் தானியம் சாற்றுக்குள் விழுந்தது. பம்ப் அடைத்துக்கொண்டது, அடி பிடித்தது, தெரு முழுக்கக் கருகல் நாற்றம். கோழிகளே முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போயின. மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற மாதிரி, "பானைய நல்லா தேய்க்க ஒரு சந்தர்ப்பம்" என்றாள். மூன்று நாள் தேய்த்தாள். பிறகு கப்பிக்கு இரட்டைச் சங்கிலி போட்டு, ஈர மண் மூட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அது சாயவில்லை. நேராக ஏறி நேராக இறங்கியது. அவள் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை.

மெல் போனில் பேசியதைக் கிளெனிஸே எனக்குச் சொன்னாள். குடியிருக்கிற பர்னியிலிருந்து நீண்ட வார இறுதிக்கு வருகிறாளாம், அதற்குப் பிறகு வர முடியாதாம், பூவைக் கையில் வைப்பதென்றால் அன்றைக்குத்தானாம். அப்பாவையும் வரச் சொல்லிவிட்டாளாம். கிளெனிஸ் பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறேன் என்றதற்கு, "என் பீர்ல இருந்த ஈஸ்ட்ட எந்தக் கடையிலம்மா விக்கிறாங்க?" என்று கேட்டாளாம்.

அந்த சனிக்கிழமை காலை நெவ்வின், பின்பக்கம் திறந்த யூட் வண்டி என் வீட்டு வாசலோரமாக வந்து நின்றது. அவன் இறங்கி, வெறுங்கையோடு கார் ஷெட்டுக்கு நடந்தான். நான் வண்டியைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன் இருக்கையில், கம்பளித் துணி சுற்றி, பெல்ட் போட்டு, ஒரு ஜாடி உட்கார்ந்திருந்தது.

கிளெனிஸ் துடுப்போடு நின்றிருந்தாள். முதல் கூடைத் தானியம் பானைக்குள் ஊறிக்கொண்டிருந்தது. மெல் மடக்கு நாற்காலியில், மடியில் ஐவி. குழந்தை கண்ணைத் தவிர எல்லாவற்றையும் கம்பளிக்குள் ஒளித்து வைத்திருந்தது. நெவ் குழந்தையின் மூக்கைத் தொட்டான், கோழிகளை விசாரித்தான், வானத்தைப் பற்றி என்னிடம் ஏதோ சொன்னான். பானைப் பக்கம் திரும்பவில்லை. உத்தரத்தில் தொங்கிய கப்பியை மட்டும் ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டான்.

"அப்பா, கொண்டு வந்தியா?" என்றாள் மெல்.

"எத?"

"அப்பா."

"தூங்கிப்போன ஈஸ்ட் எதுக்கும்மா? கடையில முழிச்சிட்டு இருக்கறது விக்கிறாங்களாம்."

கிளெனிஸ் குனிந்து பானை வயிற்றில் காதை வைத்தாள். அது இருமவில்லை என்று எனக்கே கேட்டது. ஆனாலும் நெடுநேரம் காதை எடுக்கவில்லை. பிறகு நிமிர்ந்து, துடுப்பை என் கையில் திணித்துவிட்டு, துணி துவைக்கும் அறைக்குள் போனாள். வரும்போது கையில் ஒரு பழுப்புப் புட்டியும் ஒரு கோப்பையும் இருந்தன. வெல்லப்பாகு நிறத்தில் அரைக் கோப்பை ஊற்றி நெவ்விடம் நீட்டினாள்.

அவன் முகர்ந்தான். ஒரு வாய் குடித்தான். உடனே விழுங்காமல் வாயில் வைத்திருந்து விழுங்கினான். எந்த வருடத்தது என்று கேட்டான்.

"தூங்கிப்போன வருஷத்தது."

நெவ் இன்னொரு வாய் குடித்தான். "இது முழுசா முடிஞ்ச பீரு, க்ளென்."

"தெரியும்." ஏப்ரன் பையிலிருந்து அந்தக் குழலை எடுத்துக் காட்டினாள். "பீரானப்புறம் இது பொய் சொல்லும். எனக்குத் தெரியல. தெரிஞ்சப்புறம் உங்கிட்ட சொல்லல."

"எப்பத் தெரிஞ்சுது?"

"அந்த வசந்தத்துலயே."

ஐவி கொட்டாவி விட்டது. பம்ப் மட்டும் சலசலவென்று ஊற்றிக்கொண்டிருந்தது. நெவ் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு குனிந்த தலையோடு, "பாதியில விட்டுட்டுப் போறதப் பத்தியும் ஒண்ணு சொன்ன" என்றான்.

"சொன்னேன்." கிளெனிஸ் குழலை மறுபடி பைக்குள் போட்டாள். "ஈஸ்ட்டப் பத்திச் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன், நெவ். அது பாவம், கடைசிவரைக்கும் நின்னு வேல செஞ்சிருக்கு. உன்னப் பத்திச் சொன்னது அப்படியே இருக்கட்டும்."

மெல் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். தொப்பி சரியாகத்தான் இருந்தது.

"அது நியாயந்தான்" என்றான் நெவ்.

மிச்சத்தைக் குடித்துவிட்டுக் கோப்பையை வேலிக் கம்பத்தின்மேல் வைத்தான். திரும்பி, எங்களைத் தாண்டி, தெருவைப் பார்க்க நடந்தான். மெல் எழுந்திருக்கப் போனவள் மடியில் குழந்தை இருப்பதால் அப்படியே உட்கார்ந்தாள். பானையின் மணி அடித்தது, முதல் கூடை ஊறி முடிந்தது. கிளெனிஸ் தெருப்பக்கம் பார்க்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு கப்பிச் சங்கிலியை இறக்கினாள். இரண்டு கொக்கிகளையும் இரண்டு கைப்பிடிகளிலும் மாட்டினாள். நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள். சங்கிலியை இழுக்கக் கை வைத்தாள்.

தெருவில் வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. எஞ்சின் சத்தம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. பெல்ட் கழற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. நெவ் இரண்டு கையாலும் ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பனியில் வழுக்காமல் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து வந்தான். கோழிகள் எட்டாத உயரத்தில், துணி துவைக்கும் அறையின் ஜன்னல் விளிம்பில் அதை வைத்தான். கம்பளித் துணியை ஒரு தரம் இழுத்துவிட்டான். சட்டைக் கையை முழங்கைவரை மடக்கினான். கப்பி இருப்பதால் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றான்.

கிளெனிஸ் சங்கிலியை விட்டாள். ஒரு கொக்கியைக் கழற்றினாள். சுற்றிப்போய் இன்னொன்றையும் கழற்றினாள். இரண்டையும் கைக்கெட்டாத உயரத்துக்குத் தூக்கி உத்தரத்தின்மேல் எறிந்தாள். பிறகு தன் பக்கத்துக் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு, பானையைப் பார்த்துக் குனிந்தபடி, "ஒண்ணு" என்றாள்.